தீர்மானமும் பணப்பெட்டியும்

வெளிமாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரிந்திருக்கும். தில்லியிலாகட்டும், மும்பையிலாகட்டும், கொல்கத்தாவிலாகட்டும், சங்கம் தொடங்கும் நாளில் மண்டபம் நிறைந்துவிடுகிறது. சொற்பொழிவுகள் நிகழ்கின்றன, நோக்கங்கள் ஒருமனதாக நிறைவேறுகின்றன. அடுத்த மாதம் மண்டப வாடகை கொடுக்க வேண்டிய நாள் வருகிறது. காரியதரிசி சந்தாப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார். சங்கம் நிலைக்குமா என்ற கேள்விக்கு விடை கிடைப்பது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

உலக நாடுகள் கூடி நடத்தும் ஸ்தாபனங்களின் விதியும் இதுவேயாகும். ஆண் பெண் சமத்துவத்துக்காக ஐக்கிய நாடுகள் சபை 1946-ஆம் ஆண்டு முதல் செய்துவரும் முயற்சிகளை நாம் வழக்கமாகத் தீர்மானங்களின் வரலாறாகவே படிக்கிறோம். இன்ன ஆண்டில் இன்ன பிரகடனம், இன்ன ஆண்டில் இன்ன மகாநாடு என்று பட்டியல் நீள்கிறது. அதே வரலாற்றை நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் சித்திரம் மாறிவிடுகிறது. மாதர் காரியங்களைக் கவனித்த அலுவலகம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது? அதன் பணம் யார் கையில் இருந்தது? அது யாரோடு கூட்டுச் சேர்ந்தது? எண்பது ஆண்டுகளாக இம்மூன்று வினாக்களைச் சுற்றியே உண்மையான போராட்டம் நடந்து வந்திருக்கிறது. அப்போராட்டத்தில் நம் நாட்டுப் பெண்மணிகள் சிலருக்கும் பங்குண்டு.

1945-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐ.நா. சாசனம் கையொப்பமாயிற்று. கையொப்பமிட்டோருள் பெண்கள் நால்வரே. பிரேசில் நாட்டின் பெர்த்தா லுட்ஸ், டொமினிக்கக் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, சீனாவின் வூ யி-ஃபாங், அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் என்போர் அவர்கள். சாசனத்தின் முகவுரையில் ஆண் பெண் இருபாலாரின் சம உரிமை இடம்பெற்றது. சபையின் அங்கங்களில் எந்தப் பதவி வகிப்பதற்கும் இருபாலாருக்கும் தடையில்லை என்று 8-ஆவது பிரிவு கூறிற்று. எனினும் இவற்றைக் கண்காணிக்கத் தனி ஆணைக்குழு ஒன்று வேண்டும் என்று லுட்ஸ் அம்மையார் வாதாடியபோது, அது தேவையில்லை என்று எதிர்த்தவர்களுள் கில்டர்ஸ்லீவ் அம்மையாரும் ஒருவர். பெண்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்!

கேட்டது ஆணைக்குழு, முதலில் கிடைத்ததோ துணை ஆணைக்குழு. மனித உரிமை ஆணைக்குழுவின் கீழ் அது அமைக்கப்பட்டது. 1946 ஏப்ரல் மாத இறுதியில் நியூயார்க்கின் ஹன்ட்டர் கல்லூரிக் கட்டடத்தில் அது முதன்முறையாகக் கூடியது. டென்மார்க் நாட்டின் போடில் பெக்ட்ரப் அம்மையார் தலைமை வகித்தார். அங்கத்தினருள் ஒருவர் இந்தியாவின் ஹன்ஸா மேத்தா. துணை ஆணைக்குழு என்றால் என்ன பொருள்? அதன் அறிக்கை முதலில் மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். அங்கே அதற்கு நேரம் கிடைத்தால், அதன் பிறகு பொருளாதார சமூக மன்றத்துக்குப் போகும். மற்றொருவருடைய கதவைத் தட்டிக் காத்துக்கொண்டிருக்கும் நிலை அது. பெக்ட்ரப் அம்மையாரும் அவருடைய சகாக்களும் அந்நிலையை ஏற்கவில்லை. முழு ஆணைக்குழு என்ற அந்தஸ்தைக் கோரினார்கள். 1946 ஜூன் 21-ஆம் தேதி மன்றம் அக்கோரிக்கைக்கு இணங்கியது. மாதர் நிலை ஆணைக்குழு பிறந்தது அவ்வாறுதான்.

1947 பிப்ரவரியில் நியூயார்க்குக்கு அருகே லேக் சக்ஸஸ் என்னும் இடத்தில் ஆணைக்குழுவின் முதல் கூட்டத்தொடர் நடந்தது. ஐ.நா.வுக்கு அப்போது சொந்தக் கட்டடம் இல்லை. யுத்த காலத்தில் போர்க் கருவிகள் செய்துவந்த ஸ்பெரி தொழிற்சாலையின் ஒரு பகுதியில் சபை குடியிருந்தது. பதினைந்து நாடுகளின் பிரதிநிதிகள் வந்தார்கள். பதினைந்து பேரும் பெண்களே. அலுவலகம் எங்கே இருக்க வேண்டும் என்ற முதல் வழக்கில் மாதர்கள் வென்றுவிட்டார்கள்.

ஹன்ஸா மேத்தா அம்மையாரைப் பற்றி இங்கே சிறிது நின்று பேசலாம். மனித உரிமை ஆணைக்குழுவிலும் அவர் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். மனித உரிமைப் பிரகடனத்தின் முதற்பிரிவு, ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படத்தக்க ஆங்கிலச் சொற்களோடு தொடங்கியிருந்தது. அச்சொல் பெண்களையும் உட்படுத்தும் என்றே எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரும் எண்ணியிருந்தார். ஹன்ஸா மேத்தா இசையவில்லை. அச்சொல்லைச் சாக்காக வைத்துப் பெண்களை விலக்கிவிடும் நாடுகள் இருக்கும் என்பது அவருடைய வாதம். ‘மனிதப் பிறவிகள் எல்லாரும்’ என்னும் பொருள் தரும்படி வாசகம் மாறிற்று. 1948 டிசம்பர் 10-ஆம் தேதி பிரகடனம் நிறைவேறியபோது அம்மாற்றம் நிலைபெற்றுவிட்டது. சட்டம் படித்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு பெயர்ச்சொல்லில் எவ்வளவு சொத்து அடங்கியிருக்கிறது என்று.

இந்தியப் பெண்மணிகள் இத்தகைய சபைகளுக்கு வெறுங்கையோடு போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1917-ஆம் ஆண்டிலேயே சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியிருந்தது. மார்கரெட் கஸின்ஸ், அன்னி பெஸன்ட், டாரதி ஜினராஜதாஸா ஆகியோர் அதனை நிறுவியவர்களுள் முன்னிற்பவர்கள். அச்சங்கத்தின் பிரதிநிதியாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நடந்த சர்வதேச மாதர் மகாநாட்டுக்குச் சென்றுவந்தார். 1927-இல் புணே நகரில் அகில இந்திய மாதர் மாநாடு தொடங்கிற்று. ஹன்ஸா மேத்தா அதன் தலைவியாக இருந்தவர். கிளைகள் அமைப்பது, சந்தா சேர்ப்பது, தபால் மூலம் வெளிநாட்டுச் சங்கங்களோடு உறவு வைத்துக்கொள்வது, மகஜர் எழுதுவது ஆகிய வேலைகளில் அவர்களுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் ஏற்பட்டிருந்தது. அரசாங்கப் பதவிகள் கிட்டாத காலத்தில் மாதர் சங்கங்களே அவர்களுக்கு நிர்வாகப் பள்ளிக்கூடமாக விளங்கின என்று கூறுவது மிகையாகாது.

அப்பள்ளிக்கூடத்திலிருந்து ஐ.நா.வின் அலுவலகத்துக்கே போனவர் லட்சுமி மேனன். 1899-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும், பின்னர்க் கல்கத்தாவிலும் லக்னௌவிலும் ஆசிரியையாகப் பணியாற்றியவர். பிறந்த ஊரை விட்டு மொழி மாறி வாழ்ந்தவர் என்ற வகையில் வெளிமாநிலத் தமிழர்கள் அவரைத் தம்மவராகவே கருதலாம். 1948-ஆம் ஆண்டு பொதுச் சபையின் மூன்றாவது கமிட்டியில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்து, பிரகடனத்தின் முகவுரையில் ஆண் பெண் சம உரிமை தெளிவாக எழுதப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். மனித உரிமை குடியேற்ற நாடுகளின் மக்களுக்கு ஒரு விதமாகவும் ஏனையோருக்கு வேறு விதமாகவும் இருக்கலாம் என்ற வாதத்தையும் அவர் கடுமையாக எதிர்த்தார். அதற்கடுத்து, 1949-50-இல், ஐ.நா. காரியாலயத்தில் மாதர் நிலைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

பிரதிநிதி என்பவர் பேசுகிறவர்; காரியாலயத்தில் இருப்பவரோ அப்பேச்சு நடைபெறுவதற்கு வேண்டிய தஸ்தாவேஜுகளைத் தயாரித்து வைக்கிறவர். முன்னவருடைய பெயர் பத்திரிகையில் வரும். பின்னவருடைய பெயர் கோப்பில் மட்டும் இருக்கும். மாதர் நிலைப் பிரிவு மனித உரிமைத் துறையின் உள்ளே அடங்கிய ஒரு சிறு அலுவலகம். உங்கள் நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை உண்டா, மணமானபின் அவர்களுடைய குடியுரிமை என்ன ஆகிறது, சொத்து வைத்துக்கொள்ளலாமா என்று அரசாங்கங்களுக்கு வினாத்தாள்கள் அனுப்பி, வந்த விடைகளைத் தொகுத்து, ஆணைக்குழுவின் மேஜைமேல் வைப்பது அதன் முக்கிய அலுவல். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் 1952-இல் நிறைவேறிய பெண்களின் அரசியல் உரிமை உடன்படிக்கையும், 1957-இல் வந்த மணமான பெண்களின் குடியுரிமை உடன்படிக்கையும், 1962-இல் வந்த திருமணச் சம்மத உடன்படிக்கையும் இத்தகைய சலிப்பூட்டும் வேலையின் மேல் எழுந்தவையே. லட்சுமி மேனனுக்குப் பின் ஆஸ்திரேலியாவின் மேரி டெனிஸன் வுட்ஸ் 1950 முதல் 1958 வரை அப்பிரிவை நடத்தினார். லட்சுமி மேனன் தாயகம் திரும்பி, 1950-களில் அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவியாகவும், வெளிவிவகாரத் துறையில் நேருவின் கீழ்த் துணை அமைச்சராகவும் பணிபுரிந்தார். அவருடைய ஐ.நா. பணி ஓராண்டு அளவே ஆயினும், இந்தியப் பெண் ஒருவர் அந்த அலுவலகத்தின் சாவியை வைத்திருந்தார் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர்.

உடன்படிக்கைகள் பெருகின. பணமோ இல்லை. ஆணைக்குழுவினால் சட்டத்தின் வாசகத்தை எழுத முடியும். கிராமத்தில் ஒரு மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கித் தர அதனிடம் ஒரு காசும் கிடையாது. முப்பது ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது.

1975-ஆம் ஆண்டு சர்வதேச மாதர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் மெக்ஸிகோ நகரில் முதலாவது உலக மாதர் மகாநாடு கூடியது. பின்லாந்து நாட்டின் ஹெல்வி சிப்பிலா அம்மையார் அதன் பொதுச்செயலாளர். மெக்ஸிகோ மகாநாட்டைப் பற்றி எழுதுவோர் அங்கே நிகழ்ந்த வாக்குவாதங்களைப் பற்றியே எழுதுகின்றனர். நிர்வாக வரலாற்றில் அதைவிடப் பெரிய செய்தி வேறு. மாதர் ஆண்டுக்கென நாடுகள் மனமுவந்து கொடுத்த நன்கொடைகள் ஒரு சிறு நிதியாகச் சேர்ந்திருந்தன. அந்நிதியை மூடிவிடாமல், 1976 முதல் 1985 வரையிலான மாதர் பத்தாண்டுக்கும் தொடர்ந்து நடத்துவது என்று 1975 டிசம்பரில் பொதுச் சபை முடிவு செய்தது. தன்னார்வ நிதி என்பது அதன் பெயர். மாதர்களுக்குக் கிடைத்த முதல் பணப்பெட்டி அதுவே.

பெட்டியின் முதல் அதிகாரியாக 1978-இல் வந்தவர் அமெரிக்கரான மார்கரெட் ஸ்நைடர். ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றியவர். அடிஸ் அபாபாவிலுள்ள ஐ.நா. பொருளாதார ஆணைக்குழுவில் ஆப்பிரிக்கப் பெண்களுக்கான பயிற்சி, ஆராய்ச்சி மையத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். பெண்கள் உதவியை எதிர்பார்த்துக் கையேந்தி நிற்பவர்கள் என்ற பழைய எண்ணம் அவருக்கு அறவே இல்லை. ஆப்பிரிக்கக் கிராமங்களில் உணவை விளைவிப்பவர்களும் விறகையும் நீரையும் சுமப்பவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் பெண்களே என்று அவர் கண்ணாரக் கண்டிருந்தார். சுழல் நிதிக் கடன், கூட்டுறவு, எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் அடுப்பு என்ற வகையில் நிதியின் பணம் செலவாயிற்று. தொகைகள் சிறியவை. அதனால்தானோ என்னவோ, பெரிய ஸ்தாபனங்கள் அதனைப் பல காலம் பொருட்படுத்தவில்லை.

இதற்கிடையில் அலுவலகப் போராட்டம் மறுபடி தலைதூக்கிற்று. மாதர் முன்னேற்றத்தைக் கவனித்த ஐ.நா. கிளை 1979-இல் நியூயார்க்கிலிருந்து வியென்னா நகரத்துக்கு இடம் மாற்றப்பட்டது. வியென்னா அழகிய நகரம்தான். ஆனால் பொதுச் சபை கூடுவதும், வரவுசெலவுத் திட்டம் தீர்மானிக்கப்படுவதும், தூதுவர்கள் தாழ்வாரத்தில் சந்தித்துப் பேசி முடிவு செய்வதும் நியூயார்க்கில். தலைமைச் செயலகத்திலிருந்து தொலைவிலுள்ள மாவட்டத்துக்கு மாற்றப்பட்ட உத்தியோகஸ்தரின் செல்வாக்கு என்ன ஆகும் என்பதை வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தன்னார்வ நிதி மட்டும் நியூயார்க்கிலேயே நின்றது. பெட்டி ஓரிடத்திலும் கணக்குப்பிள்ளை வேறிடத்திலும் இருந்த காலம் என்று அதனைச் சொல்லலாம்.

மாதர் பத்தாண்டு முடிவடையும் தறுவாயில், நிதியும் முடிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 1984 டிசம்பர் 14-ஆம் தேதி பொதுச் சபை அதற்கு விடை கண்டது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தோடு சேர்ந்து, ஆனால் தன்னாட்சியோடு இயங்கும் ஸ்தாபனமாக நிதி மாற்றியமைக்கப்பட்டது. யூனிஃபெம் என்ற பெயரை உலகம் அறிந்தது அதன் பின்னரே. தனிக்குடித்தனம் கிடைத்தது, ஆனால் மாமியார் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே கிடைத்தது. அபிவிருத்தித் திட்டத்தின் தலைவருக்கு யூனிஃபெம் பொறுப்பாயிருந்தது. அதன் அதிபரின் பதவி ஐ.நா. வரிசைமுறையில் ஏனைய பெரிய ஸ்தாபனங்களின் தலைவர்களைவிட இரண்டு படி தாழ்ந்திருந்தது. தலைவர்கள் கூடும் கூட்டங்களில் அவருக்குச் சரியாசனம் கிடையாது. 1994 முதல் 2007 வரை அதனை நடத்திய சிங்கப்பூரின் நோலின் ஹேஸர் அம்மையார் இத்தகைய தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டே பெரிய காரியங்களைச் சாதித்தார். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நோக்கத்தோடு 1996-இல் பொதுச் சபை அமைத்த அறக்கட்டளை நிதி அவருடைய நிர்வாகத்தில் வளர்ந்தது. 2000 அக்டோபரில் பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானத்துக்குப் பின்னணியில் உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். போரும் சமாதானமும் பெண்களின் காரியமும் ஆகும் என்பதை மன்றம் ஒப்புக்கொண்டது அத்தீர்மானத்தில்தான்.

புத்தாயிரம் பிறந்தபோது நிலைமை இவ்வாறிருந்தது. 1993-இல் நியூயார்க் திரும்பிவிட்ட மாதர் முன்னேற்றப் பிரிவு ஒன்று, டொமினிக்கக் குடியரசின் தலைநகரில் இருந்த ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் ஒன்று, பொதுச்செயலாளரின் விசேஷ ஆலோசகர் அலுவலகம் ஒன்று, யூனிஃபெம் ஒன்று. நான்கு வாசல்கள், நான்கு கணக்குகள். நான்கும் சேர்ந்தாலும் யுனிசெஃப் ஸ்தாபனத்தின் பக்கத்தில் நிறுத்த முடியாத வருமானம். 2006-இல் ஐ.நா. சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த உயர்நிலைக் குழு, மாதர் காரியங்களை ஒரே ஸ்தாபனமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அலமாரியில் உறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டவை உலகெங்குமுள்ள மாதர் சங்கங்கள். 300-க்கும் மேற்பட்ட சங்கங்கள் கூட்டணி அமைத்து நான்கு ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தின. 2010 ஜூலை 2-ஆம் தேதி பொதுச் சபை நான்கையும் இணைத்து யு.என். விமன் என்னும் ஸ்தாபனத்தை உருவாக்கியது. 2011 ஜனவரியில் அது வேலை தொடங்கியது. சிலி நாட்டின் முன்னாள் அதிபர் மிஷெல் பாச்சலே அதன் முதல் தலைவரானார். இம்முறை பதவி மற்றப் பெரிய ஸ்தாபனத் தலைவர்களுக்குச் சமமான பதவி. 41 நாடுகள் கொண்ட நிர்வாகக் குழுவும் அமைந்தது. முதல் குழுவுக்கே இந்தியா தேர்ந்தெடுக்கப்பட்டது.

தலைவருக்கு அடுத்த நிலையில் இரண்டு துணைத் தலைவர்கள் 2011-இல் நியமனம் பெற்றார்கள். கொள்கையும் திட்டங்களும் கனடாவின் ஜான் ஹென்ட்ராவிடம் ஒப்படைக்கப்பட்டன. அரசாங்கங்களோடு நடக்கும் காரியங்களும் கூட்டுறவுகளும் இந்திய வெளிநாட்டுப் பணியைச் சேர்ந்த லட்சுமி புரியிடம் வந்தன. 2013-இல் பாச்சலே விலகியதற்கும் தென்னாப்பிரிக்காவின் பும்ஸிலே ம்லாம்போ-ங்குகா பொறுப்பேற்றதற்கும் இடையில் ஸ்தாபனத்தைத் தற்காலிகமாக நடத்தியவரும் அவரே. 2019-இல் பணம், நிர்வாகம், கூட்டுறவு ஆகியவற்றுக்கான துணைத் தலைவர் பதவிக்கு மற்றோர் இந்தியப் பெண்மணியான அனிதா பாட்டியா வந்தார். உலக வங்கிக் குழுமத்தில் நெடுங்காலம் அனுபவம் பெற்றவர் அவர். 2023-இல் அப்பொறுப்பு பின்லாந்தின் கிர்சி மாடியிடம் சென்றது. லட்சுமி மேனனின் சிறு பிரிவிலிருந்து எண்ணிப் பார்த்தால் நெடுந்தூரம் வந்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் பணப்பெட்டியைத் திறந்து பார்த்தபின்தான் அப்படிச் சொல்லலாம்.

ஸ்தாபனம் தொடங்கியபோது ஆண்டுக்கு 50 கோடி டாலராவது வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். முதலாண்டில் வந்தது அதில் பாதிக்கும் குறைவு. அந்த இலக்கை எட்ட ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. அது மட்டுமன்று; வந்த பணத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும். நம் கோயில்களில் உண்டியல் பணம் என்றும் கட்டளைப் பணம் என்றும் இரண்டு உண்டல்லவா? ஆடிப்பூரத்து அபிஷேகத்துக்கென்று ஒருவர் எழுதிவைத்த கட்டளையைக் கொண்டு மதிலைப் பழுதுபார்க்க முடியாது. பரிசாரகருக்குச் சம்பளம் கொடுக்கவும் முடியாது. அதுபோலவே நாடுகள் தரும் பணத்தில் பெரும்பகுதி, இன்ன நாட்டில் இன்ன திட்டத்துக்கு என்று பெயர் எழுதிய பணம். விருப்பப்படி செலவழிக்கத்தக்க பொதுப்பணம் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஐ.நா.வின் பொது வரவுசெலவுத் திட்டத்திலிருந்து கிடைப்பதோ மிகச் சொற்பம். நிர்வாகத்தைக் கவனிக்கும் துணைத் தலைவரின் வேலை, இந்தக் கட்டளைப் பணங்களுக்கு நடுவே விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது எனலாம். கூட்டுறவைக் கவனிப்பது வேறொருவர் வேலையாக இல்லாமல் அவரிடமே சேர்ந்திருப்பதற்கும் காரணம் இதுவே. உண்டியல் நிரம்பாதபோது புதிய உபயதாரர்களைத் தேடத்தான் வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது வினா, யாரோடு கூட்டு என்பது, கூர்மையடைகிறது. 2015-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி, ஊபர் என்னும் வாடகை வண்டி நிறுவனத்தோடு சேர்ந்து 2020-ஆம் ஆண்டுக்குள் 10 லட்சம் பெண்களுக்கு வண்டி ஓட்டும் வேலை உண்டாக்கப் போவதாக அறிவிப்பு வெளிவந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 2014 டிசம்பரில், தில்லியில் அந்நிறுவனத்தின் வண்டியில் சென்ற ஒரு பெண் வண்டியோட்டியின் வன்கொடுமைக்கு ஆளாகி, அந்நகரில் அதன் சேவைக்கே தடை விதிக்கப்பட்டிருந்தது. தில்லிவாழ் வாசகர்களுக்கு அந்நாட்கள் நினைவிருக்கும். போக்குவரத்துத் தொழிலாளரின் சர்வதேச சம்மேளனம் வேறு குறையையும் எடுத்துக் காட்டியது. ஓட்டுநரை ஊழியராகவே ஒப்புக்கொள்ளாத நிறுவனம் தரும் வேலை பெண்களுக்கு என்ன பாதுகாப்பைத் தரும் என்று கேட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ஸ்தாபனத்தின் தலைவரே கூட்டு இல்லை என்று அறிவித்துவிட்டார்.

2022 மே மாதத்தில் இதுபோன்றே மற்றொன்று நிகழ்ந்தது. உலகிலேயே மிகப் பெரிய முதலீட்டு நிர்வாக நிறுவனமான பிளாக்ராக்கோடு ஓர் ஒப்பந்தக் குறிப்பு கையொப்பமாயிற்று. பெண்களின் முன்னேற்றத்தைக் கருத்தில் கொண்டு முதலீடு செய்யும் முறையை வளர்ப்பது அதன் நோக்கம் என்றார்கள். ஆயுத உற்பத்தியிலும் நிலக்கரி, எண்ணெய்த் தொழில்களிலும் ஏராளமாக முதலிட்டுள்ள நிறுவனத்துக்கு மாதர் ஸ்தாபனத்தின் பெயரை இரவல் கொடுப்பதா என்று நூற்றுக்கணக்கான மாதர் சங்கங்கள் கடிதம் எழுதின. ஆகஸ்டு மாதத்தில் ஒப்பந்தக் குறிப்பு கைவிடப்பட்டது. ஸ்தாபனம் பிறப்பதற்காக 2010 வரை போராடிய சங்கங்களின் குரலே, அதன் கையொப்பத்தைத் திரும்பப் பெறவும் வைத்தது. பழைய கூட்டாளிகளைக் கேளாமல் புதிய கூட்டாளியைச் சேர்த்ததால் வந்த வினை அது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் சொல்லி அதிகாரிகளை ஏளனம் செய்வது எளிது. அது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். கூட்டங்களில் எழுந்து நின்று தீர்மானத்துக்குக் கைதட்டிய அரசாங்கங்கள், தலைக்கு ஒரு பங்கு என்று பொதுப்பணம் கொடுத்திருந்தால், வாடகை வண்டிக்காரரின் கதவையும் முதலீட்டுக்காரரின் கதவையும் தட்ட வேண்டிய தேவை குறைந்திருக்கும். தவறான கூட்டை மறுத்த சங்கங்கள் செய்தது சரி. ஆனால் அக்கூட்டைத் தேட வைத்த வறுமையை உண்டாக்கியவர்கள் அக்கடிதங்களைப் பெறவில்லை.

அண்மைக் காலச் செய்திகள் பழைய ஏடுகளையே மறுபடி புரட்டுவதுபோல இருக்கின்றன. ஐ.நா. முழுவதையும் பணமுடை தாக்கிய 2025-ஆம் ஆண்டில், நியூயார்க்கிலிருந்த பணியிடங்களில் ஒரு பகுதியை ஜெர்மனியின் பான் நகருக்கும் கென்யாவின் நைரோபிக்கும் மாற்றும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. நைரோபிக்குப் போவதில் ஒரு பொருத்தம் உண்டு. ஸ்நைடர் அம்மையார் ஆப்பிரிக்காவிலிருந்தே தம் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். செலவு குறைவு என்பதும் மெய்யே. அவ்வாண்டு செப்டம்பரில் பொதுச்செயலாளர் வெளியிட்ட சீர்திருத்த யோசனைகளில், இந்த ஸ்தாபனத்தை ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தோடு இணைக்கலாமா என்று ஆராயும் யோசனையும் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகக் காரியாலயங்கள் எதற்கு என்று கேட்போர் ஒரு சாரார். நான்கு வாசல்களை ஒரு வாசலாக்கப் பாடுபட்டவர்களோ, அந்த ஒரு வாசலும் வேறொரு வீட்டின் பக்கவாசலாகிவிடுமோ என்று கேட்கிறார்கள். 1979-இல் வியென்னாவுக்குப் போன கிளை நியூயார்க்குக்குத் திரும்பி வரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.